பாட்டியின் உழைப்பும் கணக்கில் வரட்டும்

முதியோர் கொள்கை வகுக்கும் அலுவலர்களுக்குப் பொருளாதாரத் தரவுகளில் இணையவழிப் பயிற்சி வேண்டும் என்ற கட்டுரையை முழுமையாக ஏற்கிறேன். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைத் தொட்டவர்கள் 10.4 சதவீதம், நாட்டளவில் 8.6.

ஆனால் அந்தப் பயிற்சி வெறும் எக்செல் பாடமாக முடிந்துவிடக் கூடாது. கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போனவன் நான். ஒரு பாட்டியிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "சும்மாதாம்ப்பா இருக்கேன்" என்றார். இடுப்பில் பேரன், அடுப்பில் சோறு. மருமகள் மில் வேலைக்குப் போவதே அவரை நம்பித்தான். படிவத்தில் 'வேலை இல்லை' என்று எழுதிவிட்டு வந்தேன். இன்றும் மனசு உறுத்துகிறது.

எந்த வயதில் எவ்வளவு சம்பாதிக்கிறோம், எவ்வளவு செலவழிக்கிறோம், இடைவெளியைக் குடும்பமும் அரசும் சேமிப்பும் எப்படி நிரப்புகின்றன என்று காட்டுவது தேசியப் பரிமாற்றக் கணக்கு முறை. ஐ.நா. 2013-லேயே இதற்குக் கையேடு வெளியிட்டது. அதோடு, சம்பளமில்லா வீட்டு வேலை உட்பட எந்த வேலைக்கு யார் எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று கேட்ட நம் நாட்டின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள், பாட்டியின் உழைப்பு தெரியும். அப்புறம், பாடம் தமிழில் இருக்கட்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் உதவித்தொகை மனு பார்ப்பவருக்கும் அது புரிய வேண்டும்.