எம்.ஏ., எம்.எஸ்சி. பீட்பேக் படிவத்தில் எல்லோரும் 4 போடுவது ஏன்?

பல கல்லூரிகளில் பீட்பேக் படிவத்தை நிரப்பினால்தான் ஹால் டிக்கெட் டவுன்லோடு ஆகும். இன்டர்னல் 25 மதிப்பெண் துறையின் கையில் இருக்கிறது. லாகின் செய்வதோ பதிவு எண்ணை வைத்து. இந்த நிலைமையில் எந்தப் பிள்ளையும் வரிசையாக, இருப்பதிலேயே உயர்ந்த மதிப்பான 4 போட்டுவிட்டுத்தான் போகும். அந்த 4-களைக் கூட்டி வகுத்து "முதுநிலை மாணவர் திருப்தி 3.7" என்று கல்லூரி இணையதளத்தில் ஏற்றுகிறோம்.

கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பு 2017-ல் கொண்டுவந்த மாணவர் திருப்திக் கணக்கெடுப்பு அப்படியொன்றும் மோசமான கருவி இல்லை. 0 முதல் 4 வரை 20 கேள்விகள், 21-வதாகக் கருத்து எழுத ஓர் இடம். முதல் கேள்வியே பாடத்திட்டத்தில் எத்தனை சதவீதம் வகுப்பில் நடத்தி முடிக்கப்பட்டது என்பதுதான். 85-க்கு மேல் என்றால் 4, 30-க்குக் கீழே என்றால் 0. அசைன்மென்ட் பற்றி உங்களோடு பேசினார்களா என்றும் கேட்கிறது. இவையெல்லாம் உருப்படியான கேள்விகள். ஆனால் இளநிலைக்கும் முதுநிலைக்கும் ஒரே படிவம். முதுநிலைக்கே உரிய வலி அதில் சிக்காது.

ஐந்தாவது யூனிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் 5 மணி நேரம், 15 வாரம் என்றால் ஒரு பேப்பருக்கு 75 மணி; ஐந்து யூனிட்டுக்குப் பிரித்தால் யூனிட்டுக்கு 15. முதல் இரண்டு யூனிட்டே 45 மணியைத் தின்றுவிடும். கடைசி யூனிட்டை "செமினார்" என்று மாணவர் தலையில் கட்டிவிடுவார்கள். பிபிடி ஸ்லைடு ஓடியிருக்கும், பாடம் நடந்திருக்காது. படிவத்தில் அதுவும் "முடிந்தது" கணக்கில்தான் சேரும்.

எலெக்டிவ் எனும் விருப்பப் பாடத்தின் கதையும் இதுதான். சிலபஸில் மூன்று பேப்பர் இருக்கும். எதை நடத்த ஆள் இருக்கிறதோ அதைத் துறை தேர்ந்தெடுக்கும், மொத்த வகுப்பும் அதையே எழுதும். நாலாம் செமஸ்டர் புராஜெக்ட் இதைவிட மோசம். தலைப்பு முடிவாகவே ஒரு மாதம் ஓடிவிடும், கைடு, அதாவது வழிகாட்டும் ஆசிரியர், முதல் வரைவைப் பார்ப்பது பைண்டிங்குக்கு முந்தைய வாரம்.

அதனால் "திருப்தியா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, எண்ணிச் சொல்லக்கூடியதைக் கேளுங்கள். கைடை எத்தனை முறை சந்தித்தீர்கள்? திருத்திய விடைத்தாள் எத்தனை நாளில் கைக்கு வந்தது? செமினார் போக ஆசிரியரே நடத்திய யூனிட் எத்தனை? லேபில் கருவியை நீங்களே இயக்கினீர்களா, நாலு பேர் சுற்றி நின்று பார்த்தீர்களா? இப்படிக் கேட்டால் மரியாதைக்காக 4 போட வழியில்லை.

கேட்க வேண்டிய நேரம் ஆறாவது அல்லது ஏழாவது வாரம். ஐந்து கேள்வி போதும். பத்து நாளுக்குள் துறைத்தலைவர் வகுப்புக்கு வந்து எது மாறும், எது மாறாது, ஏன் மாறாது என்று சொல்லிவிட வேண்டும். செமஸ்டர் முடிவில் வாங்கும் பீட்பேக்கால் அதை எழுதியவனுக்கு ஒரு பயனும் இல்லை. முதுநிலையில் மொத்தமே நாலு செமஸ்டர்தானே.

இன்னொன்று, சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். 20 பேர் வகுப்பில் 12 பேர் 4-ம் 8 பேர் 1-ம் போட்டால் 2.8. 16 பேர் 3-ம் 4 பேர் 2-ம் போட்டாலும் அதே 2.8. இரண்டாவது வகுப்பு சுமாராகப் போகிறது. முதல் வகுப்பில் 8 பேர் கைவிடப்பட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் வேறு மேஜர் படித்துவிட்டு வந்தவர்களாகவோ தமிழ் வழியில் படித்தவர்களாகவோ இருப்பார்கள். ஒவ்வொரு மதிப்பெண்ணையும் எத்தனை பேர் போட்டார்கள் என்று பிரித்துப் போட்டால்தான் இது கண்ணில் படும்.

பத்து பேருக்குக் குறைவான வகுப்பு என்றால் பேப்பர் வாரியாக முடிவை வெளியிடவே கூடாது. யார் எழுதியது என்று ஆசிரியர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். இரண்டு பேட்ச் சேர்த்துப் போடுங்கள், படிவத்தை வேறு துறை கையாளட்டும். 21-வது கேள்விக்கு வந்த பதில்களை அப்படியே சுற்றுக்கு விடாமல் தட்டச்சு செய்து, வரிசையைக் கலைத்துக் கொடுங்கள்.