நேரமும் நிறமும் இல்லாத லேசர் காட்சிக் கோப்பினை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

லேசர் காட்சியைச் செய்து தருபவர்கள், வேலை முடிந்ததும் ஒரு எஸ்டி அட்டையைக் கையில் திணித்து, “காட்சி முழுவதும் இதில் இருக்கிறது” என்று சொல்லிவிட்டுப் போவதை இனியாவது நிறுத்த வேண்டும். காட்சி முழுவதும் அதில் இல்லை.

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டக் கோயில் திருவிழாவுக்காக, பால்மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் சம்பாதித்தவர்கள் தந்த நன்கொடையில், பாட்டுக்கேற்ப மயில் தோகை விரிக்கும் காட்சியொன்றைச் செய்யச் சொன்னோம். மறு ஆண்டு சில பகுதிகளை மட்டும் திருத்திக்கொள்ளலாம் என்று அந்த அட்டையிலிருந்த கோப்பினை வேறொரு மென்பொருளில் திறந்தால், மயில் சிவப்பாக நிற்கிறது. பல்லவி தொடங்குவதற்குள் தோகை விரிந்து முடிந்துவிடுகிறது. கேட்டால், புதிதாகச் செய்ய வேண்டும், முழுக் கட்டணம் என்கிறார்கள்!

அவர்கள் கொடுத்தது ஐஎல்டிஏ கோப்பு. 1986இல் தொடங்கிய அனைத்துலக லேசர் காட்சிச் சங்கத்தின் பெயரால் வழங்கும் அந்த வடிவம், ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் படங்களை மாற்றிக்கொள்வதற்காக வகுக்கப்பட்டது. ஒவ்வொரு சட்டகத்துக்கும், அதாவது அடுத்தடுத்துக் காட்டப்படும் ஒவ்வொரு தனிப் படத்துக்கும், 32 பைட் முகப்புக் குறிப்பு உண்டு. சட்டகத்தின் எண்ணும், லேசர் கதிர் கோடு வரையத் தொட்டுச் செல்லும் புள்ளிகளின் எண்ணிக்கையும் அதில் இருக்கும். அந்தச் சட்டகம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதற்கு அதில் இடமே கிடையாது. ஆகவே வேகத்தைத் தனியாக எழுதித் தராவிட்டால், திறக்கும் மென்பொருள் தன் விருப்பப்படிதான் ஓட்டும்.

நிறத்தின் கதை இதைவிட மோசம். பழைய வகை 0, வகை 1 கோப்புகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தின் வரிசை எண் மட்டுமே பதிவாகும்; எந்த எண் எந்த நிறம் என்று சொல்லும் நிறப்பட்டியலும் உடன் வராவிட்டால், பச்சை சிவப்பாவதில் வியப்பில்லை. வகை 5இல் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவும் புள்ளியோடு சேர்ந்தே வரும். இடம் போதாது என்ற சாக்கும் செல்லாது, ஏனென்றால் வகை 0இலும் வகை 5இலும் ஒரு புள்ளிக்கு 8 பைட்தான். நொடிக்கு 30,000 புள்ளிகள் வீதம் நான்கு நிமிடப் பாட்டு முழுவதையும் பதிந்தாலும் ஏறத்தாழ 58 மெகாபைட்தான் வரும். இதைக்கூடச் செய்யாதவர்கள் எங்களிடம் பணம் வாங்கும்போது மட்டும் எதையும் குறைத்துக்கொள்வதில்லை.

வேறு வழியும் உண்டு. லேசர் கதிரின் கிடைமட்ட அசைவு, செங்குத்து அசைவு, மூன்று நிறங்கள், இரண்டு தடங்களில் பாட்டு என ஏழு தடங்களையும் வேவ் என்னும் சுருக்கப்படாத ஒலிக்கோப்பு ஒன்றிலேயே பதிந்தால் நேரம் பிசகாது. 1990களில் அடாட் என்னும் எட்டுத் தட டிஜிட்டல் ஒலிப்பதிவு நாடாக்களில் லேசர் காட்சிகளைப் பதிந்தவர்கள் இதைத்தான் செய்தார்கள். அதை எம்பி3 ஆக்கி அனுப்பும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள். காதுக்குத் தெரியாததை நீக்கும் சுருக்கம், கண்ணுக்கான கோட்டைக் கெடுத்துவிடும் என்பது இவர்களுக்குத் தெரியாதா?

கைப்பேசிக் காணொளியைக் கொடுத்து “இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்” என்பவர்களிடம் பேசவே மனமில்லை. அதில் கோடுகளின் ஒளி மட்டுமே இருக்கிறது, புள்ளிகள் இல்லை.

காட்சியைச் செய்த மென்பொருளின் மூலத் திட்டக் கோப்பு, வேகத்தைக் குறித்த வகை 5 கோப்பு, ஏழு தட வேவ் ஆகிய மூன்றும் கைக்கு வந்து, வேறொரு கணினியில் எங்கள் கண்முன் ஓடிய பிறகே மீதிப் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதும்படி கோயில் செயலவையிடம் கேட்டிருக்கிறேன். மற்றத் தோட்டக் கோயில்களும் இதையே கேட்க வேண்டும்.