நான் கேட்கவில்லை, அம்மாதான் செய்தாள்

லீவில் ஊருக்குப் போனபோது அம்மா செய்த உளுந்தஞ்சோற்றைப் படம் எடுத்துப் போட்டேன். அதற்குக் கீழே ஒருவர் போட்ட கமெண்டின் ஸ்கிரீன்ஷாட் மூன்று நாளாகச் சுற்றுகிறது. யார் போட்டது என்பது உங்களுக்கே தெரியும். அதைத் திரும்ப இங்கே ஒட்டி அவருக்கு இன்னும் நூறு லைக் வாங்கித் தர எனக்கு விருப்பமில்லை. ‘வெளிநாட்டுக்காரன் லீவில் வந்தால் அம்மாவுக்கு லீவு கிடையாது.’ நல்ல வரிதான், எழுதத் தெரிந்த மனுஷர். ஆனால் அவர் எழுதியது என் அம்மாவைப் பற்றி.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த உளுந்தஞ்சோற்றை நான் கேட்கவில்லை. அம்மாதான் செய்தாள்.

அது சோறா சிமெண்டுக் கலவையா என்று கேட்ட வெளிமாவட்ட அன்பர்களுக்கு முதலில்: தொலி உளுந்து, அதாவது தோல் நீக்காத கறுப்பு உளுந்து, போட்டால் அந்த நிறம்தான் வரும். அரிசி, தொலி உளுந்து, கொஞ்சம் வெந்தயம், உரித்த பூண்டு, துருவிய தேங்காய், தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். திருநெல்வேலிப் பக்கம் இது விருந்துச் சாப்பாடு கிடையாது. சும்மா ஒரு மத்தியானம் வீட்டில் செய்வது. அதைப் போய் நான் என்னமோ அம்மாவை வைத்துக் கல்யாணப் பந்தி நடத்தியது போல எழுதியிருக்கிறார்.

ஷார்ஜாவுக்கு நான் வந்தது 2011இல். ஆபீஸ் துபாயில், அல் கோஸ். காலையில் துபாய் போகிற அல் இத்திஹாத் ரோட்டில் நிற்கிற வண்டிகளை எண்ணிக்கொண்டே எனக்குப் பாதி ஆயுசு போய்விட்டது. நானும் வேலைக்குப் போகிறேன், மனைவியும் போகிறாள். ராத்திரி எட்டரைக்கு இரண்டு பேரும் ஃப்ரிட்ஜைத் திறந்து நிற்போம், அப்புறம் யாராவது ஒருவர் கீழே போய் குப்பூஸ் ரொட்டி வாங்கி வருவோம். யாரையும் குறை சொல்லவில்லை, வாழ்க்கை அப்படி. வருஷத்துக்கு முப்பது நாள் லீவு. அதிலும் மகளுக்குப் பள்ளி விடுமுறை விடும்போதுதான் போக முடியும், டிக்கெட் விலை உச்சிக்கு ஏறுவதும் அப்போதுதான். இந்தத் தடவை கிடைத்தது 22 நாள். திருவனந்தபுரத்தில் இறங்கி, நாகர்கோவில் தாண்டி, ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வரும். அந்த 22 நாளில் இரண்டு கல்யாணம், ஒரு பதினாறாம் நாள் காரியம், மாமனார் வீட்டில் ஐந்து நாள், பேங்கில் ஒன்றரை நாள். அம்மா கையால் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டது மொத்தம் ஒன்பது நாள். ஒன்பது! இதற்குத்தான் இவ்வளவு பேச்சு.

வெளியே வாங்கிச் சாப்பிட வேண்டியதுதானே என்று ஒருவர் கேட்டிருந்தார். ஐயா, துபாய் கராமாவில் வாழை இலை போட்டு சாப்பாடு கிடைக்கிறது, ஷார்ஜா ரோலாவில் கிடைக்கிறது. ஓட்டல் சாப்பாட்டுக்காக நாலு மணி நேரம் பறந்து வருகிறவனைப் பார்த்தால் எனக்கும் சொல்லுங்கள், வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறேன்.

‘நீ சமைத்துப் போட்டிருக்கலாமே.’ இதுதான் எல்லோருக்கும் பிடித்த கேள்வி. எனக்குச் சமைக்கத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பு ஆறு பேர் ஒரே ரூமில் இருந்தபோது செவ்வாயும் சனியும் என் முறை, என் ரசத்துக்கென்றே பக்கத்து ரூமிலிருந்து வருவார்கள். இந்தத் தடவை ஊருக்கு வந்த இரண்டாம் நாளே அடுப்படிக்குப் போனேன். “ஏல, வெளிய போல, எடத்த அடைச்சுக்கிட்டு” என்று அம்மா விரட்டினாள். போய்விட்டேன். கொஞ்சம் சீக்கிரமாகவே போய்விட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவை இங்கே கூட்டி வந்து வைத்துக்கொள்ளலாமே என்றால், விசா என்பது பஸ் டிக்கெட் இல்லை. சம்பளத் தகுதி, அதற்கேற்ற வீடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் இருக்கிறது. அதோடு அவள் வந்து பார்த்தவள்தான், 2018இல் விசிட் விசாவில். ஆறாவது மாடி, சன்னலைத் திறந்தால் எதிர் பில்டிங்கின் ஏசி பெட்டிகள். நாங்கள் வேலைக்குப் போன பிறகு பகல் முழுக்க அந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பத்தாம் நாள், “முருங்கை காய்ச்சிருக்கும், நான் போறேன்” என்றாள். முருங்கைக்காயா காரணம்?

‘கேட்காமலே செய்ய வைப்பதுதான் பெரிய வன்முறை’ என்று கமெண்டில் ஒரு தங்கை எழுதியிருந்தாள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் வீட்டு விஷயம் தெரியாமல் பேசுகிறார்கள் என்பதுதான் எனக்கு வலி. கசகசாவை எடுத்துக்கொள்ளுங்கள். எமிரேட்ஸுக்குள் கசகசா கொண்டுவரக் கூடாது, பிடிபட்டால் கேஸ். கசகசா இல்லாமல் என்ன குருமாப் பொடி என்று அம்மா முதல் இரண்டு வருஷம் சண்டை போட்டாள். இப்போது எனக்கென்று தனியாக வறுத்துத் திரித்து, கவரின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் ‘க இல்லை’ என்று எழுதி வைக்கிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பெரிய பெரிய எழுத்து. முப்பது கிலோ பெட்டியில் அந்தக் கவருக்குத்தான் முதல் இடம். இதெல்லாம் நான் கேட்டு வாங்கியதா? நான் கேட்கவில்லை.

சரி. கேட்கவே இல்லை என்பதும் முழுக்க உண்மையில்லை. கிளம்புவதற்கு முன்பு போனில், “என்ன செஞ்சு வைக்க?” என்றாள். “ஒண்ணும் வேண்டாம்மா, ஒரு நாள் உளுந்தஞ்சோறு மட்டும் போதும்” என்றேன். இதையும் கேட்டதாகக் கணக்கு வைப்பீர்கள் என்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படத்தில் ஒரு மூலையில் நீல நிறத்தில் ஏதோ தெரிகிறதே, அதை யாரும் கவனிக்கவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூல். போன வருஷம் அடுப்படியில் அது கிடையாது. உட்கார்ந்துகொண்டுதான் தேங்காய் துருவுகிறாள், தாளிக்க மட்டும் எழுந்திருக்கிறாள், எழும்போது ஒரு கை மேடையைப் பிடித்துக்கொள்கிறது. எப்போதிருந்து இப்படி என்று கேட்டேன். “ஆடிக்கு முன்னாடியே” என்றாள். எந்த ஆடி என்று நான் கேட்கவில்லை. என் தங்கச்சிதான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள், நான் இல்லாத நாளில் அம்மா ஒரு வேளைதான் அடுப்பைப் பற்ற வைக்கிறாள், ராத்திரிக்கு மோர்விட்ட சோறும் ஊறுகாயும் என்று. ‘நீ வந்தாத்தான் அந்த வீட்ல தாளிக்கிற சத்தம் கேக்கு’ என்றாள். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, திட்டாக எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்தக் கமெண்ட் போட்டவருக்கு இது தெரியாது. தெரியாமல் எழுதியது இவ்வளவு சரியாக வந்து விழுந்ததில்தான் எனக்கு ஆத்திரம்.

நேற்று ராத்திரி போட்டிம் ஆப்பில் அம்மாவைக் கூப்பிட்டேன், இங்கே எட்டு, அங்கே ஒன்பதரை. எப்போதும் எடுத்ததும் அவள்தான் “சாப்ட்டியா” என்பாள். நேற்று நான் முந்திக்கொண்டேன்.

“ஏதோ சாப்ட்டேன்” என்றாள்.

“ஏதோன்னா என்ன?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். அப்புறம், “ஏன்ல, ஒன்ன யாரும் ஏதும் சொன்னாங்களா?” என்றாள்.