இரைச்சல் என்று ஒதுக்கிவிடாதீர்கள்

கிங் கிரிம்சன் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் ‘த்ராக்கட்டாக்’ தொகுப்பை நேற்றிரவு மறுபடியும் முழுதாகக் கேட்டேன். ஏறத்தாழ ஒரு மணி நேரம், பேருக்குக்கூட ஒரு பாட்டு வரி கிடையாது. இதை ‘வெறும் இரைச்சல்’ என்று தள்ளிவிடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அதைவிட வருத்தம் அதிகம்.

1984-இல் கலைந்த குழு 1994-இல் மீண்டும் கூடியது. பிரிந்து சேரும் குழுக்கள் வழக்கமாகப் பழைய பாடல்களை வாசித்துக் கைத்தட்டல் வாங்கும். அதில் தவறில்லை. ஆனால் குழுவின் கிதார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப்பும் மற்ற ஐவரும் 1995 கச்சேரிகளில் ‘த்ராக்’ என்ற உருப்படியின் நடுவே ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள். உள்ளே போனால் என்ன நடக்கும் என்று வாசிப்பவர்களுக்கே தெரியாது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அப்படிப் பிறந்த இசைதான் 1996-இல் இந்தத் தொகுப்பாக வந்தது.

கர்நாடக இசையில் அந்த நொடியில் தோன்றுவதை வாசிக்கும் நம் மனோதர்மத்துக்கு ராகம் என்ற கரை உண்டு. இங்கே அதுவும் இல்லை. இரண்டு டிரம்ஸ் உட்பட ஆறு பேர். ஒருவர் காதை மூடிக்கொண்டாலும் அத்தனையும் பாழ். ஃப்ரிப்பின் கிதாரிலிருந்து பியானோ ஒலி சிதறி விழுகிறது, மற்றவர்கள் அதை உடனே பிடித்துக்கொள்ளாமல் கொஞ்சம் விட்டுவைக்கிறார்கள். அந்த விட்டுவைத்தலில் மயங்கித்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். வழி தெரியாமல் தவிக்கும் இடங்களும் உண்டு, மறுக்கவில்லை. அந்தத் தவிப்பைக் கடந்து த்ராக்கின் கனத்த தாளம் கடைசியில் திரும்பி வரும்போது உடம்பு சிலிர்க்கிறது.

இந்தப் பொறுமை திடீரென்று வந்ததல்ல. 1973 நவம்பர் 23, ஆம்ஸ்டர்டாமில் இதே குழுவின் கச்சேரி. வயலினும் பேஸ் கிதாரும், நாடாவில் பதிந்த ஒலிகளை எழுப்பும் மெலோட்ரான் என்ற விசைப்பலகைக் கருவியும் மெல்லிய குரலில் பேசிக்கொள்ள, டிரம்ஸ் கலைஞர் பில் புரூஃபர்ட் குச்சிகளை மார்பின் குறுக்கே வைத்தபடி கடைசிவரை ஓர் அடிகூட அடிக்காமல் உட்கார்ந்திருந்தார். ‘ட்ரையோ’ என்று வெளியான அந்த இசையை ஆக்கியவர்களில் அவர் பெயரையும் சேர்த்தார்கள். அடிக்காமல் இருந்ததும் வாசிப்புதான் என்று அவருடைய தோழர்கள் ஒப்புக்கொண்டார்கள்! த்ராக்கட்டாக்கில் இருக்கும் இரண்டு டிரம்ஸ் கலைஞர்களில் ஒருவர் அதே புரூஃபர்ட்.

புதிதாகக் கேட்கப்போகிறவர்கள் ஆறு பேரையும் ஒரே நேரத்தில் துரத்த வேண்டாம். ஒருவரை மட்டும் பின்தொடருங்கள். அவர் எங்கே நிறுத்துகிறார் என்று பாருங்கள்.