காகிதமில்லா அலுவலகத்தில் நகல் கேட்கிறார்கள்
பினாங்கில் ஓர் அரசு அலுவலகத்தில், ‘காகிதப் பயன்பாட்டைக் குறைப்போம்’ என்ற அறிவிப்பையே வண்ணத்தாளில் அச்சிட்டு ஒட்டியிருக்கிறார்கள். இணையத்தில் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பிவிட்டுச் சென்றாலும், அதை அச்செடுத்துக் கையொப்பமிட்டு, மைகார்டு எனும் மலேசிய அடையாள அட்டையின் இரு பக்கங்களையும் நகலெடுத்து இணைக்கச் சொல்கிறார்கள். அட்டையிலுள்ள சில்லைப் படிக்கும் கருவியோ முகப்பிட மேசையிலேயே தூசி படிந்து கிடக்கிறது. மைகார்டு வந்தது 2001-இல். அரசுத் துறைகள் மின்வழி ஆவணங்களை ஏற்க வழிசெய்த மின்னணு அரசாங்க நடவடிக்கைகள் சட்டம் வந்தது 2007-இல். நகல் கேட்கும் பழக்கம் மட்டும் போவதாக இல்லை. ஊழியர்களையும் நொந்து பயனில்லை. கோப்பில் தாள் இல்லையென்றால் தணிக்கையின்போது உருளப்போவது அவர்கள் தலைதான். இருந்தாலும், கீழ்த்தளக் கடையில் வரிசையில் நின்று, காசு கொடுத்து எடுத்துவந்த நகலை வாங்கி முத்திரை குத்திய கையோடு, அதே தாளை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.