லென்ஸைத் திருப்பி மாட்டும்போது அபெர்ச்சரை மறக்க வேண்டாம்

50 மி.மீ. லென்ஸைக் கேமராவில் முன்பின்னாகத் திருப்பி மாட்டினால் மேக்ரோ (சிறு பொருட்களை மிக நெருக்கத்தில் பெரிதாகப் படமெடுப்பது) தயார் என்று நான் படித்த ஒரு கட்டுரை முடித்துவிட்டது. அபெர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையைப் பற்றி ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம். புதிதாக முயல்பவர்கள் தடுமாறுவது அங்கேதான். திருப்பியதும் கேமராவுக்கும் லென்ஸுக்கும் தொடர்பு அறுந்துவிடும். நிக்கான் ‘ஜி’ வகை லென்ஸில் துளை முழுக்கச் சுருங்கி, திரை இருண்டுவிடும். கேனான் இ.எஃப். வகையிலோ அது முழுக்கத் திறந்தே நிற்கும். அப்போது தெளிவாக விழும் ஆழம் மிகக் குறைவு: எறும்பின் கண் தெளிவாக இருக்கும், கொம்பு கலங்கிவிடும். அபெர்ச்சர் வளையமுள்ள பழைய மேனுவல் லென்ஸ்தான் இதற்குச் சரி.

வளையத்தில் எஃப்/8 வையுங்கள் (எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்). 50 மி.மீ.யில் உருப்பெருக்கம் ஏறக்குறைய 1:1 (சென்சாரில் விழும் பிம்பம் பொருளின் அதே அளவு), தெளிவாக விழும் ஆழம் சுமார் 1 மி.மீ. மட்டுமே. அந்த நெருக்கத்தில் எஃப்/8 என்பது ஒளியளவில் எஃப்/16க்குச் சமம், அதனால் ஃபிளாஷ் வேண்டும். ஒளியை மென்மையாக்க ஃபிளாஷின் முன்னால் ஒரு வெள்ளைத்தாள் போதும். வளையத்தையே எஃப்/16 வரை சுருக்கினால், சிறு துளையில் ஒளி வளைந்து பரவும் டிஃப்ராக்‌ஷனில் கூர்மை போய்விடும்.

ஃபோகஸ் வளையத்தைத் திருகிப் பயனில்லை, கேமராவையே முன்பின் நகர்த்த வேண்டும். லென்ஸைத் திருப்பி மாட்ட உதவும் ரிவர்ஸ் ரிங் வாங்கும்போது லென்ஸ் முகப்பில் Ø குறிக்கு அருகிலுள்ள எண்ணை, அதாவது மி.மீ.யில் முகப்புத் திருகின் விட்டத்தைப் பாருங்கள், 49, 52 என்றிருக்கும். பின்பக்கக் கண்ணாடி இப்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, பூவில் இடித்துவிடாதீர்கள்.