குப்பையையும் குணத்தையும் முடிச்சுப் போட்ட அந்த "ஆய்வு"

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முழுவதுமாக விவரிக்கப் போவதில்லை. காணொளி எல்லாப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடுக்குமாடி ஒன்றின் படிக்கட்டுப் படத்தைத் திரையில் காட்டி, குப்பைக்கு நடுவே வாழ்கிறவனின் மனமும் குப்பையாகிவிடுகிறது, அடுத்த இனத்தவனைக் கண்டாலே ஒதுக்குகிறான், இதை ஐரோப்பாவில் ஒரு ரயில் நிலையத்தில் ஆய்வு செய்து நிரூபித்திருக்கிறார்கள் என்று பேச்சாளர் சொன்னார். அரங்கம் கைதட்டியது. அந்த ஆய்வு பொய் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பொய் என்ற சொல்லை யோசித்துத்தான் பயன்படுத்துகிறேன். நெதர்லாந்தின் தில்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டீடெரிக் ஸ்டாப்பல் என்பவர் 2011 ஏப்ரலில் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை அது. துப்புரவுப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் உத்ரெக்ட் ரயில் நிலையம் குப்பையாகக் கிடந்தபோது, வெள்ளைக்காரப் பயணிகள் வரிசையின் ஓரத்தில் இருந்த கறுப்பினத்தவரைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள், நிலையத்தைச் சுத்தம் செய்த பிறகு அப்படிச் செய்யவில்லை என்று அதில் எழுதியிருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில், அவருடைய துறையிலேயே இருந்த மூன்று இளம் ஆய்வாளர்கள் தரவுகளைச் சந்தேகித்துப் புகார் செய்ததன் விளைவாக, அவர் பல ஆண்டுகளாகத் தரவுகளைக் கற்பனையாக எழுதிவந்தது வெளிவந்தது. டிசம்பரில் இந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதன் பின் அவருடைய 50-க்கும் மேற்பட்ட கட்டுரைகளுக்கும் அதே கதி நேர்ந்தது. இவையெல்லாம் பத்திரிகைகளில் வந்த செய்திகள். ஐந்து நிமிடம் தேடியிருந்தால் பேச்சாளருக்கும் கிடைத்திருக்கும்.

இதையே காணொளியின் கீழ் நான்கு வரிகளில் மரியாதையாகத்தான் எழுதினேன். "ஆய்வாளரைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா?" என்று ஏற்பாட்டாளர் ஒருவர் கேட்டார். நம் சமூகத்தில் நல்லது செய்தால் குறை சொல்லவே சிலர் இருக்கிறார்கள் என்று இன்னொருவர் எழுதினார். மறுநாள் காலையில் என் கருத்தைக் காணவில்லை.

ஒரு ஆய்வு வெளியானது என்பது வேறு, அது இன்றும் நிற்கிறது என்பது வேறு. இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இது ஒன்றுதான்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். நான் நிபோங் திபால் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன். ஒட்டுப்பால் (மரத்திலும் கிண்ணத்திலும் உறைந்த ரப்பர் பால்) மூட்டையின் நாற்றம் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தெரியாதவர்களுக்கு எந்தச் சொல்லாலும் புரியவைக்க முடியாது. அம்மா இரண்டு முறை சவர்க்காரம் போட்டுத் துவைத்து வெயிலில் காயவைத்த பள்ளிச் சட்டையிலும் அது இருக்கும். முதலாம் படிவத்தில், அதாவது இடைநிலைப் பள்ளியின் முதல் ஆண்டில், பள்ளிப் பேருந்தில் நான் உட்கார்ந்தால், பக்கத்தில் இருந்த பையன் ஒன்றும் பேசாமல் எழுந்து கைப்பிடியைப் பிடித்து நின்றுகொள்வான். அவனும் தமிழ்ப் பையன்தான். அந்த நாற்றத்தோடு வளர்ந்தவர்களின் மனம் அழுகியிருக்கும் என்று மேடையில் ஒருவர் சொன்னதை, இத்தனை வருடங்களுக்குப் பிறகு, கைதட்டலோடு கேட்க வேண்டியிருந்தது.

அருவருப்பு என்பதே ஆராயத் தகாத பொருள் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் பால் ரோசின் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். கிருமி நீக்கிய செத்த கரப்பான்பூச்சியைப் பழச்சாற்றில் ஒரு கணம் முக்கி எடுத்தால், ஆபத்தில்லை என்று தெரிந்தும் யாரும் குடிக்க விரும்புவதில்லை என்று அவர் காட்டியது நம் பாட்டிமார் சொல்லும் 'எச்சில்', 'தீட்டு' இரண்டையும் நினைவுபடுத்தும். 1994-இல் அவரும் ஜோனதன் ஹைட், கிளார்க் மெக்காலி ஆகியோரும் சேர்ந்து 32 கேள்விகள் கொண்ட அருவருப்பு அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள்.

அந்தக் கேள்விகளில் சிலவற்றை நானே தமிழில் பெயர்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவரின் ஆய்வுக்காகச் செய்த பகுதிநேர வேலை அது. பொதுக் கழிப்பறையின் இருக்கையில் உடல் படாமல் பார்த்துக்கொள்வீர்களா என்று ஒரு கேள்வி. குந்தி உட்காரும் கழிப்பறையையே வாழ்நாள் முழுக்கப் பயன்படுத்தியவரிடம் அதை எப்படிக் கேட்பது? எரியூட்டப்பட்ட ஒருவரின் சாம்பலைத் தற்செயலாகத் தொட நேர்ந்தால் எவ்வளவு அருவருப்பாக இருக்கும் என்று இன்னொன்று. அதைப் பெயர்த்த அன்று நான் வெகுநேரம் எழுதாமல் இருந்தேன். அப்பாவின் அஸ்தியைப் பினாங்கில் நானும் தம்பியும் எங்கள் கைகளால்தான் பொறுக்கினோம். சாம்பல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. பால் தெளித்து, மண்சட்டியில் எடுத்து, மேலே சிவப்புத் துணி கட்டி, படகில் போய்க் கடலில் கரைத்தோம். எந்த எண்ணில் நான் வட்டம் போட வேண்டும்? உளவியல் ஆய்வுகள் பெரும்பாலும் மேற்கத்திய, படித்த, வசதியான நாட்டு மக்களை வைத்தே நடக்கின்றன, அவர்களை வைத்து மனிதகுலம் முழுவதையும் பேசக் கூடாது என்று ஜோசப் ஹென்ரிக் என்ற ஆய்வாளரும் மற்ற இருவரும் 2010-இல் எழுதியபோது இதைத்தான் சொன்னார்கள்.

"சரி, அந்த ஒன்று பொய், மற்ற ஆய்வுகள் அதையே சொல்கின்றனவே" என்று உள்பெட்டியில் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. துர்நாற்றம் வீசும் தெளிப்பானை அடித்த இடத்தில் கேட்டால் பிறர் செய்யும் தவறுகளை மனிதர்கள் கடுமையாகத் தீர்ப்பளிக்கிறார்கள் என்று 2008-இல் சிமோனே ஷ்னாலும் உடனிருந்தோரும் வெளியிட்டது உண்மையாக நடத்தப்பட்ட ஆய்வு. அதில் மோசடி எதுவும் இல்லை. ஆனால் 2015-இல் லாண்டி, குட்வின் என்ற இருவர் இவ்வகை ஆய்வுகளை, வெளியாகாதவற்றையும் சேர்த்து, ஒன்றாக எடை போட்டபோது விளைவு மிகச் சிறியதாக இருந்தது; சாதகமான முடிவுகளே அச்சேறும் வழக்கத்தைக் கணக்கில் எடுத்தால் அதுவும் இல்லாமல் போகக்கூடும் என்றார்கள். சுத்தம் தொடர்பான சொற்களைப் படித்தவர்கள் தவறுகளை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று 40 மாணவர்களை வைத்துக் கண்ட முடிவை, 2014-இல் மிச்சிகனில் 208 பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது காண முடியவில்லை. அருவருப்பு எளிதில் வருபவர்களிடம் சில சமூக மனப்போக்குகள் சற்று அதிகம் என்று வினாத்தாள்கள் காட்டுவது உண்டு. அது எளிதில் முகம் சுளிப்பவரைப் பற்றிய செய்தி. குப்பைக்குப் பக்கத்தில் குடியிருப்பவரைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. பேச்சாளர் அதை அப்படியே தலைகீழாக்கினார்.

"அப்படியானால் உளவியலே ஏமாற்று வேலையா?" என்பவர்களுக்கும் இல்லை என்றே சொல்வேன். 2015-இல் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து, ஏறக்குறைய மூன்றில் ஒன்றில்தான் பழைய முடிவு மீண்டும் கிடைத்தது என்று உலகுக்குச் சொன்னவர்களும் உளவியலாளர்கள்தாம். ஸ்டாப்பலைப் பிடித்தவர்களும் அவர்கள்தாம். தங்கள் எதிர்காலம் அந்தப் பேராசிரியரின் கையில் இருந்தபோதும் புகார் செய்தார்கள். அந்த மூவர்மீது எனக்கு இருக்கும் மரியாதையை எழுத்தில் கொண்டுவர முடியாது. அவர்கள் அவ்வளவு துணிந்து தள்ளிவிட்ட ஒன்றைத்தான் இங்கே மேடையில் தூக்கி வைத்து நம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார்கள்.

"நல்ல எண்ணத்தில்தானே சொன்னார்?" இதற்கு என்னிடம் பதில் இல்லை, பதில் சொல்ல விருப்பமும் இல்லை.

"அந்த அடுக்குமாடியில் குப்பை இருப்பது உண்மைதானே?" உண்மைதான். திரையில் காட்டியது எந்த மாடி என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் படத்தின் வலது ஓரத்தில் இருக்கும் நீல நிற வாளியும் அதில் நட்ட துளசியும் என் சித்தியுடையவை. குப்பைக் குழாய் அடைத்துக்கொண்டு மாதக்கணக்காகிறது. மின்தூக்கி ஓடுவது ஒரு நாள், நிற்பது மூன்று நாள். சித்தி தன் குப்பையைப் பையில் கட்டி, முழங்கால் வலியோடு படியிறங்கிக் கீழே கொண்டுபோய்ப் போடுகிறார். போன மாதம் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்மணி மருத்துவமனையில் இருந்த இரண்டு வாரமும் அந்த வீட்டுப் பிள்ளைகள் சாப்பிட்டது சித்தியின் சமையலைத்தான். அடுத்த இனத்தை வெறுக்கிறார் என்று எந்த ரயில் நிலையத்தை வைத்து இவரைப் பற்றிச் சொன்னீர்கள்?

ஏற்பாட்டாளர்களிடம் இரண்டே கோரிக்கைகள். அந்த ஆய்வு 2011-இலேயே திரும்பப் பெறப்பட்டது என்று காணொளியின் கீழ் ஒரு வரி எழுதுங்கள். படிக்கட்டுப் படம் வரும் பகுதியை வெட்டிவிடுங்கள். துளசி வாளியை அடையாளம் கண்டு அந்தக் காணொளியைச் சித்திக்கு யாரோ அனுப்பியிருக்கிறார்கள். தன் வீட்டு வாசலை ஏன் படம் பிடித்தார்கள் என்று நேற்றிரவு தொலைபேசியில் கேட்டார். படத்தில் துளசி நன்றாக விழுந்திருக்கிறது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.